பாட்டு முன்னே, கதை பின்னே

(அரியலூரில் நடந்த திரைப்பட ரசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சினிமாவில் ஒரு பாட்டு எப்படிப் பிறக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இயக்குநர் கதையைச் சொல்வார். இந்த இடத்தில் நாயகனும் நாயகியும் பிரிகிறார்கள், இங்கே ஒரு பாட்டு வேண்டும் என்பார். அதைத்தான் சிச்சுவேஷன் என்று சினிமாக்காரர்கள் சொல்கிறார்கள். இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், கவிஞர் மெட்டுக்கு வரி எழுதுவார், பாடகர் வந்து பாடிவிட்டுப் போவார். கதை முன்னே போக, பாட்டு அதன் பின்னே வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்கிய படங்களைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். ஊரே பாடிக்கொண்டிருக்கும் பாட்டுகளை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றுக்காக ஒரு கதையைக் கட்டும் படங்கள் அவை.

உலகத்தில் இதற்குப் பெரிய உதாரணம் 'மம்மா மியா'. ஸ்வீடன் நாட்டில் ஆபா என்று ஒரு பாப் இசைக்குழு இருந்தது. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள்: பென்னி, பியோர்ன், அக்னேதா, அன்னி-ஃப்ரிட். நால்வரின் பெயர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்ததுதான் ஆபா. 1974 ஏப்ரல் 6ஆம் தேதி இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 'வாட்டர்லூ' என்ற பாட்டுக்கு முதல் பரிசு வாங்கினார்கள். அடுத்த எட்டு ஆண்டுகள் உலகமெங்கும் அவர்கள் பாட்டுதான். குழுவுக்குள் இருந்த இரண்டு தம்பதிகளும் பிரிந்தார்கள், குழுவும் 1982-க்குப் பிறகு ஓய்ந்துவிட்டது.

ஜூடி கிரேமர் என்ற பெண் தயாரிப்பாளருக்கு, அந்தப் பாட்டுகளுக்குள் ஒரு நாடகம் ஒளிந்திருப்பதாகத் தோன்றியது. கேத்தரின் ஜான்சன் என்ற நாடக ஆசிரியர் கதை எழுதினார். ஃபிலிடா லாய்ட் இயக்கினார். மூவரும் பெண்கள். 1999 ஏப்ரல் 6 அன்று, அந்தப் பரிசு வாங்கிச் சரியாக 25 ஆண்டு கழித்து, லண்டனில் நாடகம் அரங்கேறியது. நியூயார்க்கின் பிராட்வேயில் 2001 முதல் 2015 வரை விடாமல் நடந்தது. 2008இல் மெரில் ஸ்ட்ரீப் நடிக்க அதே லாய்ட் இயக்கத்தில் படமாகி, 60 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது.

கதை எளிமையானது. கிரேக்கத் தீவு ஒன்றில் டோனா என்ற பெண் தனி ஆளாக ஒரு விடுதி நடத்துகிறாள். மகளுக்குக் கல்யாணம். தன் தகப்பன் யார் என்று மகளுக்குத் தெரியாது. அம்மாவின் பழைய நாட்குறிப்பைப் படித்துவிட்டு, மூன்று ஆண்களுக்கு அம்மாவுக்குத் தெரியாமல் கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறாள். மூவரும் வந்து இறங்குகிறார்கள். இவ்வளவுதான். இந்தக் கதையை மட்டும் சொன்னால் யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டுகள் கதைக்குள் எங்கே வந்து உட்கார்கின்றன என்று பாருங்கள்.

ஆபா குழுவின் பிற்காலப் பாட்டு ஒன்று. சிறுமி புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் கிளம்புகிறாள். வாசலில் நிற்கும் தாய், இவள் தன் கையிலிருந்து நழுவிப் போகிறாளே என்று வருந்துகிறாள். பியோர்ன் தன் மகள் பள்ளிக்குப் போவதைப் பார்த்து எழுதியது. கேத்தரின் ஜான்சன் இந்தப் பாட்டைக் கொண்டுபோய்க் கல்யாணக் காலையில் வைத்தார். தாய் மகளுக்குத் தலை வாரி அலங்கரிக்கும்போது அந்தப் பாட்டு வருகிறது. வரிகளில் இருப்பது பள்ளிக்கூடம் போகும் குழந்தை. கண்ணெதிரே இருப்பது மணப்பெண். தாயின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதைத் தனியாக வசனம் எழுதிச் சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

இன்னொரு பாட்டு, 1980இல் வந்தது. பியோர்னும் அக்னேதாவும் பிரிந்த காலம். பிரிவில் தோற்றவள் பாடுவது போன்ற பாட்டு. எழுதியவர் கணவர், பாடியவர் மனைவி. அந்த விவரம் தெரிந்தே ரசிகர்கள் அதைக் கேட்டார்கள். படத்தில் அதை மெரில் ஸ்ட்ரீப் மலைப்பாதையில் நின்று, இருபது ஆண்டுக்கு முன் தன்னை விட்டுப் போனவனைப் பார்த்துப் பாடுகிறார். அவர் தொழில்முறைப் பாடகி அல்ல. குரல் அங்கங்கே உடைகிறது. அக்னேதாவின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த உடைவு கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது. இந்த வகைப் படத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ரசிகன் வெறுங்கையோடு வருவதில்லை. அந்தப் பாட்டோடு தனக்கு இருக்கும் பழைய உறவையும் கூட்டிக்கொண்டு வருகிறான். கதாசிரியர் அந்தப் பாட்டுக்கு ஒரு புது இடம் மட்டும் தர வேண்டும். அந்த இடம் சரியாக அமைந்தால் படம் நிற்கும். அமையாவிட்டால் பாட்டுக் கச்சேரியாகப் போய்விடும்.

இது மேல்நாட்டார் கண்டுபிடித்தது என்று எண்ண வேண்டாம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரிலேயே 160 ஆண்டுக்கு முன்பு இது நடந்திருக்கிறது.

உ.வே.சாமிநாதையரின் சொந்த ஊர் உத்தமதானபுரம்தான் என்றாலும், அவருடைய இளமையில் பெரும்பகுதி இந்தப் பக்கத்தில் கழிந்தது. அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் படித்தார். குன்னத்தில் இருந்தார், கார்குடியில் இருந்தார், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் பாடம் கேட்டார். 'என் சரித்திரம்' நூலைப் படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்களெல்லாம் சொந்த வீட்டுப் பெயர்கள் மாதிரி. அந்தக் குடும்பம் ஏன் இப்படி ஊர் ஊராகப் போயிற்று? அவருடைய தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். உடையார்பாளையம் சமஸ்தான வித்துவான் கனம் கிருஷ்ணையரின் சீடர். ஊர்ப் பெரியவர்கள் ஆதரவில் ராமாயணக் கதை சொல்வது அவருக்கு ஜீவனம். அந்தக் கதைக்கு அவர் எடுத்துக்கொண்டது சீர்காழி அருணாசலக் கவிராயரின் ராம நாடகக் கீர்த்தனைகளை.

அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டுக்காரர். சட்டநாதபுரத்தைச் சேர்ந்த இரண்டு சீடர்கள் அந்தக் கீர்த்தனைகளுக்கு இசை வகுத்தார்கள். உ.வே.சா. சிறுவனாக இருந்த 1860-களில் அந்தப் பாட்டுகள் நூறு வயதை நெருங்கிவிட்டன. கேட்க வந்தவர்களுக்கு ராமன் கதையும் தெரியும், பாட்டும் தெரியும். குன்னத்து மக்கள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து மறுபடி கேட்டார்களென்றால், இன்றைக்கு இவர் இந்தப் பாட்டை எந்த இடத்தில், எப்படி நிறுத்திப் பாடப்போகிறார் என்று அறியத்தான். லண்டன் நாடகக் கொட்டகையில் உட்கார்ந்தவர்களின் ஆசையும் இதுவே.

அடுத்து நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது நந்தனாரைப் பற்றி. தமிழில் இந்த வகைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

கொள்ளிடக்கரை ஆதனூரில் பிறந்தவர் நந்தனார் என்கிறது பெரிய புராணம். அந்த ஆறு நம் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் ஓடுகிறது. சேக்கிழார் சில பாட்டுகளிலேயே அவர் கதையை முடித்துவிடுகிறார். கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் அதைக் கீர்த்தனைகளாக விரித்தார். சேக்கிழாரிடம் இல்லாத பண்ணையார் வேதியரை அவர்தான் கொண்டுவந்தார். நாற்பது வேலி நிலத்தையும் பயிர் செய்துவிட்டுச் சிதம்பரம் போ என்று வேதியர் சொல்வதும், ஓர் இரவில் பயிர் விளைவதும் அவர் சேர்த்தவை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கணப் பிழை இருக்கிறது என்று சிறப்புப்பாயிரம் கொடுக்க முதலில் தயங்கினார். பாரதியார் வாசலில் இருந்து பாடியதைக் கேட்டு மனம் கரைந்து கொடுத்தார் என்று உ.வே.சா. எழுதுகிறார். காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசையாவின் ஆதரவில் நூல் அச்சாயிற்று. பிறகு பஜனை மடம், கதாகாலட்சேபம், நாடகக் கொட்டகை, கிராமபோன் தட்டு என்று அந்தப் பாட்டுகள் போகாத இடம் இல்லை.

பேசும் படம் வந்தபோது தயாரிப்பாளர்கள் அந்தப் பாட்டுகளைத்தான் முதலில் பார்த்தார்கள். 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். கணவர் கிட்டப்பா 1933இல் இறந்தபின் வெள்ளைப் புடவையோடு ஒதுங்கி இருந்தவர். அப்போது வயது இருபத்தைந்து. தட்டிக் கழிப்பதற்காக ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், தயாரிப்பாளர் அசன்தாஸ் அதற்கும் சம்மதித்துவிட்டார் என்றும் சொல்வார்கள். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதையர். பெரிய வித்துவான் அவர். படத்தில் ஏறக்குறைய நாற்பது பாட்டு. விமர்சகர்களுக்குப் படம் பிடிக்கவில்லை. கல்கி கடுமையாக எழுதினார். எழுதியதில் நியாயம் இருந்தது. பாட்டை வரிசையாக அடுக்கினால் கதை ஆகிவிடும் என்று நினைத்துவிட்டார்கள்.

1942இல் எஸ்.எஸ்.வாசன் ஜெமினி சார்பில் மறுபடி 'நந்தனார்' எடுத்தார். இயக்கம் முருகதாசா. நந்தனாராக எம்.எம்.தண்டபாணி தேசிகர், வேதியராக செருகளத்தூர் சாமா. கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளோடு பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் எழுதிய பாட்டுகளும் சேர்ந்தன. இந்தப் படம் நின்றது. இன்றும் தேசிகர் குரலை விரும்பிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு படங்களுக்கும் இடையில் தமிழ்நாட்டில் ஒன்று நடந்தது. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதையரின் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தார்கள். 'வருகலாமோ' என்று நந்தனார் வெளியே நின்று கேட்கும் பாட்டு இருக்கிறதே, 1935இல் கொட்டகையில் உட்கார்ந்தவர்களுக்கு அது விடை கிடைக்காத கேள்வி. 1942இல் ஒரு பெரிய கோயிலிலாவது விடை கிடைத்துவிட்ட கேள்வி. பாட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கேட்டவர்கள் மாறிவிட்டார்கள். பழகிய பாட்டை வைத்துப் படம் எடுப்பவருக்கு இந்தக் காலக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. நாற்பது வேலி ஓர் இரவில் விளைந்துவிடுகிறது. வேதியர் நந்தனின் காலில் விழுகிறார். தீயில் மூழ்கி நந்தன் எழுகிறான். இந்த அற்புதங்கள் வந்தபின் பண்ணையாரிடம் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. நடவு நட்டவர்களுக்கு என்ன கூலி என்று எந்தப் படமும் கேட்கவில்லை. கதை தப்பித்துக்கொண்ட இடத்தில் பாட்டு தப்பித்துக்கொள்ளவில்லை. வாசலில் நிற்கிறவனின் வலி அந்த மெட்டில் அப்படியே இருக்கிறது. நந்தனாருக்கு இனி ஒருவர் படம் எடுத்தால், அந்தப் பாட்டுகளை வைத்துக்கொண்டு கதையைத் திருத்தி எழுதட்டும். கேத்தரின் ஜான்சன் செய்ததும் அதுதான். ஆண்கள் எழுதிய பாட்டுகளை எடுத்து, தனியாக மகளை வளர்த்த ஒரு பெண்ணின் கதையாக்கினார்.

பழகிய பாட்டுகளை வைத்து வந்த இன்னொரு படம் 'நாம் இருவர்', அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947 பொங்கலுக்கு ஏ.வி.மெய்யப்ப செட்டியார் எடுத்து வெளியிட்டது. பா.நீலகண்டனின் 'தியாக உள்ளம்' நாடகம் படமாயிற்று. டி.கே.பட்டம்மாள் சுப்பிரமணிய பாரதியார் பாட்டுகளைப் பாட, குமாரி கமலா ஆடினார். சுதந்திரம் வந்துவிட்டதென்று பாரதி பாடிய ஆனந்தப் பாட்டு, சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்பே திரையில் ஒலித்தது. பாரதியார் பாட்டுகளின் உரிமையை ஒரு வணிக நிறுவனத்திடமிருந்து விலைகொடுத்து வாங்கித்தான் செட்டியார் அதைப் படத்தில் வைத்தார். பிறகு 1949இல் அரசு கேட்டபோது விட்டுக்கொடுத்தார். தெருவில் போகிறவன் பாடும் பாட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்ற வழக்கு நம் ஊரில் அன்றே தொடங்கிவிட்டது. அதற்குத் திரும்பி வருகிறேன்.

மேடை நாடகத்தையும் சொல்ல வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்தில் திருவிழா இரவுகளில் இன்றும் 'வள்ளி திருமணம்' நடக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் ஆல்ரவுண்ட் வாசிப்பவரும்தான் எல்லோரையும் கட்டி இழுப்பவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டுக்கு நடுவே, நேற்று வந்த சினிமாப் பாட்டு மெட்டும் வந்து சேரும். வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்கிற இடத்தில் எந்தச் சினிமாப் பாட்டைப் பொருத்தினால் கூட்டம் கைதட்டும் என்று அந்த நடிகர்களுக்குத் தெரிந்த அளவுக்குச் சினிமா இயக்குநர்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். நம்மிடம் ஆபா மாதிரி பாப் குழு பெரிதாக வளரவில்லை. இலங்கைத் தமிழர்கள் பொப்பிசை என்று ஒரு வகையை வளர்த்தார்கள், ஏ.ஈ.மனோகரனின் 'சுராங்கனி' அங்கிருந்து வந்து, 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அந்த இடத்தை சினிமா இசையமைப்பாளரே எடுத்துக்கொண்டார். நமக்கு இசைக்குழு என்றால் இளையராஜா, ஒரு கவிஞர், ஜெயச்சந்திரன், ஜானகி, இப்படி ஒரு கூட்டு. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழாவில் இளையராஜாவின் நிகழ்ச்சி நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள்.

அவருடைய மெட்டுகளை முன்னே வைத்துப் பிறந்த படம் 'வைதேகி காத்திருந்தாள்', 1984 தீபாவளிக்கு வந்தது. இந்தக் கதை சினிமா உலகில் பலமுறை சொல்லப்பட்டது. எந்தப் படத்துக்கென்றும் இல்லாமல் ஆறு மெட்டுகள் இளையராஜாவிடம் தயாராக இருந்தன. ஆறையும் ஒரே படத்தில் வைப்பதானால் தருகிறேன் என்றார். இயக்குநர் ஆர்.சுந்தர்ராஜன் அந்த ஆறையும் கேட்டுவிட்டுக் கதை எழுதினார். 'பயணங்கள் முடிவதில்லை' எடுத்தவர் அவர். பாட்டு என்ன கேட்கிறதோ அதைக் கதைக்குக் கொடுக்கத் தெரிந்தவர்.

அந்த ஆறும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. ஒன்று இருட்டில் தனியாக ஒருவன் பாடும் தாபம். 'ராசாத்தி உன்ன' என்று தொடங்குவது, ஜெயச்சந்திரன் பாடியது. ஒன்று நாட்டியப் பாட்டு, நடுவில் ஜதி வேறு. ஒன்று மேகம் கருக்கும் வேளையில் பாடும் பாட்டு. ஒன்று காத்திருத்தலின் சோகம். இவற்றை எந்தக் கதையில் கோப்பது? ஊருக்குத் தண்ணீர் சுமக்கும் வெள்ளைச்சாமி. அவனுக்குள் செத்துப்போன ஒரு காதல். அதே ஊரில் சின்ன வயதில் கணவனை இழந்த வைதேகி. அவளுக்கு நாட்டியம் தெரியும், ஆட உரிமை இல்லை. தகப்பன் குடிகாரன். விதவைப் பெண்ணுக்கு ஏன் நாட்டியம் தெரிய வேண்டும்? ஒரு மெட்டுக்கு ஜதி இருந்தது. அதற்கு ஆடுகிறவள் வேண்டும். ஆடக்கூடாதவள் ஆடினால் அந்த ஜதிக்கு வலி வரும். மெட்டிலிருந்து கதாபாத்திரம் பிறந்த இடம் இது என்றே எனக்குப் படுகிறது. அந்தப் பாட்டில் ஜானகியோடு குரல் கொடுத்தவர் டி.எஸ்.ராகவேந்திரா, திரையில் அந்தத் தகப்பனாக நடித்தவரும் அவரே. கவுண்டமணி, செந்தில் பெட்ரோமாக்ஸ் காட்சிக்காகப் படத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அடுத்த முறை பார்க்கும்போது பாட்டு வரும் இடங்களைக் கவனியுங்கள்.

2024இல் இரண்டு படங்கள் வந்தன. இரண்டும் இதே வழியில் வந்தவை. முழுப்படமும் பழைய பாட்டுகளால் ஆனது என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டிலும் முதுகெலும்பு ஒரு பழைய பாட்டு.

ஒன்று மலையாளத்தில் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', சிதம்பரம் இயக்கியது. 2006இல் கொடைக்கானல் குணா குகையில் நண்பன் ஒருவன் பள்ளத்தில் விழ, இன்னொருவன் கயிறு கட்டி இறங்கி மீட்ட உண்மைச் சம்பவம். அந்தக் குகைக்கு அந்தப் பெயர் வந்ததே 1991இல் வந்த 'குணா' படத்தால். அதில் வாலி எழுதி, கமல்ஹாசனும் ஜானகியும் பாடிய கடிதப் பாட்டு, மனநிலை சரியில்லாத ஒருவன் காதலிக்குச் சொல்லச் சொல்ல அவள் எழுதுவது. சிதம்பரம் அந்தப் பாட்டை நண்பனை மேலே தூக்கும் நிமிடத்தில் வைத்தார். காதலைச் சொன்ன வரிகள் நட்பைச் சொல்லத் தொடங்கின. நம் ஊர்த் தியேட்டர்களில் பையன்கள் எழுந்து நின்று கூடவே பாடினார்கள். அவர்களில் பலர் 'குணா' வந்தபோது பிறக்கவே இல்லை.

இன்னொன்று தமிழரசன் பச்சமுத்து இயக்கிய 'லப்பர் பந்து'. கெத்து என்கிற ரப்பர் பந்துக் கிரிக்கெட்காரர், விஜயகாந்த் ரசிகர். அவர் மட்டையோடு ஆடுகளத்துக்கு வரும்போது 1989இல் வந்த 'பொன்மனச் செல்வன்' படப் பாட்டு ஒலிக்கும். அந்தப் பாட்டு வெளிவந்த காலத்தில் இளைஞனாக இருந்தவனுக்கு இப்போது மகள் கல்யாண வயதில் நிற்கிறாள். வயதை விட்டுத்தராத ஒரு மனிதனைக் காட்ட வசனம் தேவைப்படவில்லை, அந்தப் பாட்டே போதுமானதாக இருந்தது. விஜயகாந்த் மறைந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. அந்தத் துக்கத்தையும் ரசிகர்கள் அந்தப் பாட்டோடு சேர்த்தே கேட்டார்கள்.

சொந்தம் யாருக்கு என்ற கேள்விக்குத் திரும்பி வருவதாகச் சொன்னேன். 'குணா' பாட்டைப் பயன்படுத்தியதற்கு இளையராஜா 2024 மே மாதம் நோட்டீஸ் அனுப்பினார். உரிமை வைத்திருந்தவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். உடனே, ஒரு பாட்டுக்கு இவ்வளவு கணக்கா என்று பேசினார்கள் பலர். அந்தப் பேச்சு எனக்குச் சம்மதமில்லை. ஒரு காட்சியை ஒரு பாட்டு தூக்கி நிறுத்துகிறது, அந்தக் காட்சி ஒரு படத்தைத் தூக்கி நிறுத்துகிறது, படம் கோடிகளில் சம்பாதிக்கிறது என்றால், மெட்டுப் போட்டவரும் வரி எழுதியவரும் கேட்பதில் என்ன தவறு? 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமே, பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தியேட்டருக்கு வெளியே வரும் ராயல்டிப் பங்கை அவர்களே நினைத்தாலும் விற்க முடியாது என்று பாதுகாப்புத் தந்திருக்கிறது. ஆபா குழுவின் பியோர்னும் பென்னியும் 'மம்மா மியா' தயாரிப்பில் ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருந்தார்கள். பாட்டுக்காரர்களைக் கேட்டுச் செய்தார்கள், பங்கு கொடுத்துச் செய்தார்கள். கோபாலகிருஷ்ண பாரதியாருக்குத் திரைப்படத்தால் ஒரு காசும் வரவில்லை. அதற்குள் அவர் காலம் முடிந்துவிட்டது. இன்று இருப்பவர்களுக்காவது வரட்டும்.

இப்போது இங்கே வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். செல்போனில் குறும்படம் எடுக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். அதற்கு சென்னையிலிருந்து ஒரு சினிமாப் பாட்டை எடுத்து ஓட்டாதீர்கள். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் நடும் காட்டில், பருத்தி எடுக்கும் காட்டில், மக்காச்சோளம் ஒடிக்கும் காட்டில் வேலை செய்யும் அம்மாக்களுக்குப் பாட்டுத் தெரியும். எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் ஆத்தாமார்களுக்குத் தெரியும். இங்கே சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள் கிடக்கின்றன. அந்தப் பள்ளம் ஒரு காலத்தில் யாரோ நடவு நட்ட நிலமாக இருந்தது. அங்கே பாடிய நடவுப்பாட்டு இன்னும் ஒரு கிழவியின் வாயில் இருக்கும். நிலம் இல்லாத இடத்தில் அந்த நடவுப்பாட்டை வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் என்ன கதை வேண்டும் என்று அந்தப் பாட்டே உங்களுக்குச் சொல்லும்.

ஒன்றே ஒன்று. போய், உட்கார்ந்து, அவர்களிடம் அனுமதி கேளுங்கள். பாடியதைப் பதிவு செய்யும்போது எந்த ஊர், யாரிடம் கற்றது என்று எழுதிக்கொள்ளுங்கள். டைட்டில் கார்டில் அவர்கள் பெயரை உங்கள் பெயருக்கு முன்னால் போடுங்கள். எடுத்து முடித்ததும் முதலில் அந்த ஊரில் திரை கட்டிக் காட்டுங்கள். பரிசோ பணமோ எது வந்தாலும் அவர்கள் பங்கை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.